மயக்கத்துக்குக் காரணம் தேடிய இப்னு சீனா

சங்கராபுரத்தில் ஜும்ஆ கூட்டத்தில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒருவர் தண்ணீர் தெளிப்பார், இன்னொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார். கண் விழித்ததும் பசி மயக்கம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஏன் வந்தது என்று கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டவர் இப்னு சீனா.

கி.பி. 980-ல் புகாராவுக்கு அருகே அஃப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார். 10 வயதுக்குள் குர்ஆனைக் கற்று முடித்தார். 18 வயது ஆவதற்குள் ஆட்சியாளர் நூஹ் இப்னு மன்சூருக்கு வைத்தியம் பார்த்தார். அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது அரண்மனை நூலகத்தில் படிக்கும் அனுமதி! பின்னாளில் ஹமதானில் அமைச்சராக இருந்தார், சிறையும் கண்டார்.

அவருடைய 'அல் கானூன் ஃபித் திப்' 5 பாகங்கள் கொண்டது. மூன்றாம் பாகம் தலை முதல் கால் வரையுள்ள நோய்களைப் பேசுகிறது. அதில் வலிப்பைத் தலைக்குரிய பகுதியிலும், மயக்கத்தை இதயத்துக்குரிய பகுதியிலும் வைத்தார். நாம் இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சாவியைத் தேடுகிறோம். (சாவி இரண்டுக்குமே உதவாது என்பது வேறு விஷயம்.) ரத்தப்போக்கு, பேதி, கடும் வலி, பசி, தாங்க முடியாத துக்கம், இதயத்தின் சொந்தக் கோளாறு எனக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தார். நாடியையும் முகத்தின் நிறத்தையும் கவனிக்கச் சொன்னார்.

இன்றைய மருத்துவரும் அந்த வழியில்தான் போகிறார். விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்ப்பார். சர்க்கரை அளவு, இசிஜி எடுப்பார். வெயிலில் வெகுநேரம் நின்று வரும் மயக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ, நெஞ்சு படபடப்புடனோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிக்கு மயக்கம் வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு.

இப்னு சீனாவின் முடிவு குடல் வலியில் வந்தது. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று தமக்குத் தாமே கடுமையாக வைத்தியம் செய்துகொண்டார். மருந்து அளவு மீறியது. பணியாள் ஒருவர் அபினையும் அதிகமாகக் கலந்துவிட்டார். வலிப்பு வந்தது, எழுந்து நிற்கவும் முடியாமல் போனது. இனி உடல் தாங்காது என்று தெரிந்ததும் மருந்தை நிறுத்தினார். அடிமைகளை விடுதலை செய்தார், செல்வத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார், மூன்று நாளுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார். 1037-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 428) ரமலான் மாதத்தில் வஃபாத்தானார். அடக்கத்தலம் ஹமதானில் இருக்கிறது.