பெர்லினுக்குப் பிறகு

ஜெசி ஓவன்ஸ் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பெர்லினோடு நிறுத்திவிடுகிறார்கள். 1936 ஒலிம்பிக்கில், இனவெறி பிடித்த ஹிட்லரின் தலைநகரிலேயே, ஒரு கறுப்பின இளைஞர் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார், கதை சுபம். ஆனால் அவர் ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை.

1913இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். தாத்தா அடிமையாக இருந்தவர். தந்தை பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர். ஒன்பது வயதில் குடும்பம் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் ஜே.சி. என்று பெயர் சொல்ல, தென்மாநில உச்சரிப்பு விளங்காத ஆசிரியர் ஜெசி என்று எழுதிக்கொண்டார். (பள்ளிச் சேர்க்கையில் பெயர் மாறிய என் போன்றோருக்கு இது ஓர் ஆறுதல்!)

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லை. கறுப்பர் என்பதால் வளாக விடுதியில் இடமும் இல்லை. இரவில் லிஃப்ட் இயக்கியும், உணவு பரிமாறியும், பெட்ரோல் போட்டும் படித்தார். 1935 மே 25 அன்று, முதுகு வலியோடு களமிறங்கி, 45 நிமிடங்களில் மூன்று உலகச் சாதனைகளை முறியடித்து, நான்காவதைச் சமன் செய்தார். அன்று தாண்டிய 8.13 மீட்டரை 25 ஆண்டுகள் எவரும் மிஞ்சவில்லை.

பெர்லினில் அவரிடம் தோற்ற ஜெர்மானியர் லுட்ஸ் லாங், அரங்கமே பார்க்க அவரோடு கைகோத்து நடந்தார். சொந்த நாட்டிலோ குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு வாழ்த்துத் தந்திகூட அனுப்பவில்லை. நியூயார்க்கில் ஊர்வலம் நடந்தது உண்மை. ஆனால் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அவருக்கென்றே நடந்த விருந்துக்கு அவரைச் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் மேலே அனுப்பினார்கள். லிஃப்ட் இயக்கிப் படித்தவர் அப்போது என்ன நினைத்திருப்பார்!

அமெச்சூர் சங்கமும் அவரைத் தடை செய்தது. அதே டிசம்பரில், ஹவானாவில் பணத்துக்காகக் குதிரையோடு போட்டியிட்டார். 40 கஜம் முன்னால் நின்று ஓடி வென்றார். துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளும் உயர்சாதிக் குதிரையாகப் பார்ப்பது இத்தகைய பந்தயங்களின் தொழில் இரகசியமாம். பிறகு சலவைத் தொழில் தொடங்கி நொடித்துப்போனார்.

1940இல், மூன்று பெண்களுக்குத் தந்தையான பின், விட்ட படிப்பை முடிக்கத் திரும்பினார். மதிப்பெண் போதவில்லை, பட்டம் பெறாமலே வெளியேறினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். இந்த இடத்தை இருமுறை படித்தேன்.

அதே பல்கலைக்கழகம் 1972இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1980 மார்ச் 31 அன்று புற்றுநோயால் மறைந்தார். 1984இல் பெர்லின் அரங்கத்துக்கு அருகே ஒரு சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.