நடராச முதலியார்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அமைந்த மீனவர் ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். அதற்கு அண்மையில், பழவேற்காட்டில், ஒல்லாந்தரின் பழைய கல்லறைகள் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் அக்கற்களிற் பொறித்த எழுத்துகளை இன்றும் காணலாம். கல்லிற் பொறித்தது முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. படச்சுருளிற் பதித்ததோ ஒரு நூற்றாண்டுகூட நில்லாமல் மறைந்தது. தென்னாட்டுத் திரைப்படத்தின் முன்னோடியாகிய நடராச முதலியாரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

நடராச முதலியார் 1885ஆம் ஆண்டில் வேலூரில் பிறந்தார். இளமையில் சென்னையில் மிதிவண்டி வாணிகம் செய்தார். பின்னர் மோட்டார் வண்டி வாணிகத்திலும் ஈடுபட்டுப் பொருளீட்டினார். அந்நாளில் தாதாசாகிப் பால்கே எடுத்த புராணப் படங்கள் நாடெங்கும் புகழ்பெற்றன. அவற்றைக் கண்ட முதலியார், தாமும் அக்கலையைக் கற்க வேண்டுமென வேட்கை கொண்டார். பூனா நகரில் தங்கியிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரை அடைந்து, படப்பிடிப்புப் பொறியை இயக்கும் முறையை அவரிடம் பயின்றார்.

சென்னைக்கு மீண்ட முதலியார், புரசைவாக்கத்து மில்லர்ஸ் சாலையில் ஒரு மாளிகையை வாடகைக்குக் கொண்டு படநிலையம் அமைத்தார். மின்விளக்குகளின் துணையின்றி, கதிரவன் ஒளியையே மெல்லிய வெண்டுகிலால் வடித்துப் பயன்படுத்தினார். படச்சுருளைக் கழுவிப் பதப்படுத்தும் நிலையத்தைப் பெங்களூரில் நிறுவினார்; அதன்பொருட்டு அந்நகருக்கு அடிக்கடி சென்று வந்தார்.

அவர் முதலில் எடுத்த படம் 'கீசக வதம்'. பாரதக் கதையில் திரௌபதிக்குத் தீங்கிழைக்க முயன்ற கீசகனை வீமன் கொன்ற வரலாறே அதன் பொருள். வழக்கறிஞரும் நாடக நடிகருமாகிய அரங்கவடிவேலு அதற்குத் துணைபுரிந்தார். படத்திற்கு ஏறத்தாழ 35,000 ரூபாய் செலவாயிற்று. பேச்சில்லாப் படமாதலின், கதையை விளக்கும் எழுத்துகள் பல மொழிகளிற் காட்டப்பெற்றன. தென்னாட்டில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் என்னும் பெருமை அதற்கு உரியதாயிற்று. திரௌபதி வத்திராபகரணம், லவகுசா, மார்க்கண்டேயன் முதலிய படங்களும் அதனைத் தொடர்ந்தன.

இங்ஙனம் வளர்ந்த முயற்சியைத் தீ அழித்தது. 1923ஆம் ஆண்டில் நேர்ந்த தீ விபத்தில் படநிலையம் எரிந்தது. முதலியாரின் மகனும் உயிரிழந்தார். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். இழந்த மகனை மீட்க ஒண்ணுமோ? முதலியார் படத்தொழிலினின்றும் விலகினார். அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்து, 1971ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றேனும் இன்று காணக் கிடைத்திலது.

அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. தீயினின்று தப்பினும், காக்கப்படாவிடின் நாளடைவில் தானே சிதையும். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கும்பொருட்டுப் பழஞ்சுருள்களை அழித்தோரும் உளர். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' என்பதும் இன்று இல்லை.

பிற நாட்டார் செய்ததை நோக்குக. குதிரை ஏறிய கொள்ளையர் இரயிலை மறித்துச் சூறையாடும் கதையை, அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் 1903இல் படமாக்கினார். ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடமே ஓடும் அப்படம், கீசக வதத்தினும் மூத்தது. எனினும் அது காக்கப்பட்டது. 1990இல் அந்நாட்டுத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. மேலைநாட்டுக் குதிரைவீரர் படங்கள் பல இங்ஙனம் பழுது நீக்கப்பெற்று வட்டுகளிற் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றை மக்கள் தத்தம் இல்லத்திலிருந்தே கண்டு மகிழ்கின்றனர். நம் நாட்டில் தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் 1964இல்தான் நிறுவப்பட்டது. முதலியாரின் கலை அழிந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரே அக்காவல் வந்தது.

ஆக்குவோரது உழைப்பு அரிது. ஆக்கியதைக் காப்போரது உழைப்பும் அதற்குக் குறைந்ததன்று. ஏட்டுச்சுவடிகளைச் செல்லினின்று மீட்ட சான்றோரை நாம் போற்றுகின்றோம். அவ்வாறே படச்சுருளையும் காத்தல் வேண்டும். முதலியாரின் பெயர் நிலைத்தது. அவர் கைவண்ணமோ நிலைத்திலது. இனி எக்கலைஞர்க்கும் இந்நிலை நேராவண்ணம் காத்தல் பின்வருவோர் கடனாகும்.