கதையைச் சொல்லும் ‘நான்’ யார்?

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் வளர்ந்தார். அங்கே படிக்கக் கிடைத்த பெரியபுராணம் அவரை உலுக்கியது. நாயன்மார்களின் வாழ்க்கைக் கதைகளே அவருடைய முதல் ஆன்மிகக் கல்வி எனலாம்.

1896 ஜூலையில், எந்த நோயும் இல்லாத அந்தச் சிறுவனை மரண பயம் பற்றியது. பிணம்போல் படுத்து, உடல் மடிந்த பின்னும் எஞ்சுவது எது என்று தனக்குள் தேடினார். ஆகஸ்ட் 29 அன்று, தந்தையைத் தேடிப் போவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டைத் துறந்தார். ‘நான்’ என்று தொடங்கிய அக்கடிதம் ‘இது’ என்று மாறி, கையெழுத்தின்றி முடிந்தது. செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலையை அடைந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் வியன்னாவில் பிராய்டும் புரூயரும் ஹிஸ்டீரியா பற்றிய தங்கள் நூலை வெளியிட்டிருந்தனர். புதைந்த நினைவுகளைச் சொல்லவைத்தால் நோய் தணியும் என்றது அந்நூல். தந்தையின் மரணம், மரண பயம், தந்தையைத் தேடும் கடிதம் ஆகிய மூன்றையும் உளப்பகுப்பாய்வாளர் ஒரே இழையில் கோத்திருப்பார். ரமணர் அந்த இழையைப் பின்தொடரவில்லை. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளோடு வந்தபோது, மௌனத்தில் இருந்த அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்ற நூலாயின. துயரத்தின் வரலாற்றைவிட, துயரம் யாருக்கு என்ற விசாரணையே அவருக்கு முதன்மையானது.

அதனால் அவரைக் கதைகளின் எதிரி எனக் கருதலாகாது. அடியார் கதைகளைச் சொல்லுகையில் தொண்டை அடைத்துப் பேச முடியாமல் நின்றுவிடுவார்.

அவருடைய கதையோ பிறர் கேட்டு எழுதியது. வழக்கறிஞராக இருந்து துறவியான பி.வி. நரசிம்ம சுவாமி 1931-இல் ஆங்கிலத்தில் அவர் வரலாற்றை வெளியிட்டார். ரமணரின் பேச்சில் ‘நான்’, ‘நீ’ என்பன அரிதாகவே வரும் என்றும், மரண அனுபவப் பகுதியின் சொற்கள் அப்படியே அவருடையவை அல்ல என்றும் அவரே அடிக்குறிப்பிட்டார். உலகம் முழுவதும் தன்மையில் வாசிக்கப்படும் அந்தப் பகுதியின் ‘நான்’, நூலாசிரியர் தந்தது.

தன் கதையைச் சொல்ல முடிவதே பலருக்கு மருந்து. மனநல ஆலோசனையை நாடத் தயங்கும் நம் சமூகம் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால், கேட்பவரின் கையும் கதையில் கலக்கிறது. சொன்ன கதைக்குள்ளேயே சொல்பவர் சிறைப்படவும் கூடும். 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்த ரமணர் விட்டுச்சென்ற கேள்வி, அந்தச் சிறையின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.