இரண்டு விண்ணப்பங்கள்

இன்றைக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீனம் ஒரே நாடாக இல்லை. ஏழு அரசுகள் ஒன்றோடொன்று ஓயாது போரிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் தெற்கே இருந்த சூ நாட்டில், ஷாங்சாய் என்னும் ஊரில் பிறந்தவர் லீ சி. இளமையில் அவர் உள்ளூர் அலுவலகத்தில் சிறிய எழுத்தராகப் பணியாற்றினார். அங்கே கழிவறையில் திரிந்த எலிகள் அழுக்கைத் தின்றன. ஆள் அரவம் கேட்டதும் அஞ்சி ஓடின. களஞ்சியத்து எலிகளோ வயிறார உண்டு அச்சமின்றி வாழ்ந்தன. மனிதனின் உயர்வும் தாழ்வும் அவன் இருக்கும் இடத்தைப் பொறுத்தவையே என்று லீ சி அப்போது எண்ணினாராம். சீமா சியன் என்னும் பழைய சீன வரலாற்றாசிரியர் இச்செய்தியைக் குறித்துவைத்துள்ளார்.

லீ சி பணியை விட்டு விலகி, சுன்சி என்னும் பேராசானிடம் ஆட்சிக் கலை பயின்றார். ஹான் ஃபெய் என்னும் அறிஞர் அவருடன் பயின்றவர். கல்வி முடிந்தபின் லீ சி சொந்த நாட்டில் தங்கவில்லை. ஏழு அரசுகளுள் வலிமை மிக்கது மேற்கே இருந்த சின் நாடு என்பதை உணர்ந்து, ஏறத்தாழ கி.மு. 247இல் அங்குச் சென்றார். அந்நாடு சட்டநெறிக் கோட்பாட்டைப் பின்பற்றியது. அறிவுரையால் மட்டும் நாட்டை ஆள இயலாது. தெளிவான சட்டமும் தவறாத தண்டனையும் உழைப்பிற்கேற்ற பரிசுமே அரசைத் தாங்கும் என்பது அக்கோட்பாடு. லீ சியும் அதையே ஏற்றார்.

கி.மு. 237இல் அவருக்குப் பெரும் இடர் நேர்ந்தது. சின் நாட்டில் பெருங்கால்வாய் வெட்டிய பொறியாளர் ஒருவர், அந்நாட்டின் பொருளையும் ஆள்வலியையும் வீணடிக்கப் பகைநாடு அனுப்பியவர் என்று தெரியவந்தது. உடனே, வேற்று நாட்டவர் அனைவரும் வெளியேற வேண்டும் என்று இளம் மன்னர் செங் ஆணையிட்டார். லீ சியும் வேற்று நாட்டவரே. அவர் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். சின் நாட்டை உயர்த்திய அமைச்சர் பலர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதை எடுத்துக்காட்டினார். மன்னர் விரும்பும் மணிகளும் குதிரைகளும் இசையும் வெளியிலிருந்து வந்தவையாயிருக்க, மனிதரை மட்டும் துரத்துவது முறையோ என்று வினவினார். துரத்தப்பட்ட அறிஞர்கள் பகைவர்க்கே துணையாவர் என்றும் எச்சரித்தார். மன்னர் அதனைப் படித்தார். தம் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

கி.மு. 221இல் ஏழு அரசுகளும் ஒரே பேரரசாயின. மன்னர் செங், சின் சி ஹுவாங் என்னும் பெயருடன் முதற் பேரரசரானார். இளவரசர்களுக்கு நாட்டைப் பங்கிட்டுத் தருமாறு சிலர் கூறினர். அவ்வாறு செய்தால் பழைய போர்களே மீண்டும் மூளும் என்று லீ சி மறுத்தார். அவர் சொற்படி நாடு 36 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றை ஆள அரசே அலுவலர்களை அமர்த்தியது. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த எழுத்து வடிவங்கள் ஒரே வடிவாயின. எடைகளும் அளவுகளும் வண்டி அச்சின் அகலமும் ஒன்றாயின. ஒரு கோடியில் எழுதிய ஆணையை மறுகோடியில் படிக்க முடிந்தது. லீ சி தலைமை அமைச்சராக உயர்ந்தார்.

ஆயினும், அவர் வாழ்வில் இருளும் உண்டு. கி.மு. 233இல் ஹான் ஃபெய் சின் நாட்டுச் சிறையில் இறந்தார். அவருக்கு நஞ்சு அனுப்பியவர் லீ சியே என்று சீமா சியன் எழுதுகிறார். கி.மு. 213இல், பழங்காலத்தைப் புகழ்ந்து இக்கால ஆட்சியைக் குறைகூறுவோரை ஒடுக்க வேண்டும் என்று லீ சி பேரரசரிடம் கூறினார். மருத்துவம், குறிகூறல், உழவு பற்றியவை நீங்கலாக, மக்களிடம் இருந்த பழைய நூல்கள் பல தீயிலிடப்பட்டன. தம் எழுத்தால் ஒரு காலத்தில் மன்னரின் மனத்தை மாற்றியவரே, மாற்றுக் கருத்துகளின் வாயை அடைத்தார்.

கி.மு. 210இல் பேரரசர் பயணத்தின்போது இறந்தார். அரண்மனை அலுவலரான சாவோ காவோ, மூத்த இளவரசருக்குப் பதிலாக இளையவரை அரியணை ஏற்றச் சூழ்ச்சி செய்தார். லீ சி முதலில் தயங்கினார். பின்னர்ப் பதவியிழக்க அஞ்சி உடன்பட்டார். புதிய பேரரசரோ சாவோ காவோவின் சொல்லையே கேட்டார். நாட்டில் கலகம் மூண்டது. லீ சி மீது பொய்க் குற்றம் சாட்டிச் சிறையிலிட்டனர். சிறையிலிருந்து அவர் மீண்டும் ஒரு விண்ணப்பம் எழுதினார். சாவோ காவோ அதனைப் பேரரசரின் கண்ணில் படாமல் எறிந்துவிடச் செய்தார். கி.மு. 208இல், தாம் காத்துநின்ற கடுஞ்சட்டங்களின்படியே லீ சி கொல்லப்பட்டார். சாகுமுன், தம் ஊரின் கிழக்கு வாயிலுக்கு வெளியே மகனோடும் நாயோடும் முயல் வேட்டைக்குச் செல்வது இனி இயலாதே என்று மகனிடம் சொல்லி வருந்தினாராம்.

அடுத்த சில ஆண்டுகளில் சின் பேரரசு வீழ்ந்தது. எனினும் லீ சி வகுத்த மாவட்ட ஆட்சியைப் பின்வந்த ஹான் பேரரசும் பெருமளவில் பின்பற்றியது. அவர் அமைத்த ஒழுங்கு நிலைத்தது. அவர் வளர்த்த அச்சமோ அவரையே அழித்தது. முதல் விண்ணப்பத்தைப் படிக்க ஓர் அரசர் இருந்தார். இரண்டாவது விண்ணப்பத்தைப் படிக்க எவரும் இல்லை.

பயிற்சி

1. வேற்று நாட்டவரை வெளியேற்றும் ஆணையை மன்னர் செங் பிறப்பித்தது ஏன்?
2. பேரரசை ஒன்றுபடுத்த லீ சி செய்த பணிகளைத் தொகுத்து எழுதுக.
3. எலிகளைக் கண்டு லீ சி கொண்ட எண்ணம் சரியானதா? அவர் வாழ்வைக் கொண்டு உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.