ஐந்து கோடுகளுக்குள் ஒரு வாழ்வு – ஏ.எம். சின்னசாமி முதலியார்

பாட்டு காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது. செவி கொண்டதை நெஞ்சு காக்கிறது; நெஞ்சு மறந்தால் பாட்டும் இல்லை. சம்புவராயர் தலைநகராய் விளங்கிய படவேட்டில் வாழும் நமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மண்மூடிக் கிடந்த கோயில்களை அகழ்ந்தெடுத்து மீட்ட ஊர் இது. கல்லில் பொறித்ததை மண் விழுங்கினும் மீட்கலாம். அக்கோயில்களில் அந்நாளில் ஒலித்த இசையை எந்த மண்ணை அகழ்ந்து மீட்பது? இந்த வினாவைத் தம் வாழ்நாள் வினாவாக ஏற்றவர் ஒருவரை, நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து.

ஏ.எம். சின்னசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் வாழ்ந்தவர், எம்.ஏ. பட்டம் பெற்றவர், அரசுத் தலைமைச் செயலகத்தில் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர், சமயத்தால் கிறித்தவர். மேலை இசையைக் குறிமுறையோடு கற்ற அவர், நம் கருநாடக இசையிலும் தோய்ந்தார். இரண்டையும் அறிந்ததனால் ஒரு குறை அவரை உறுத்திற்று. ஐரோப்பியர் தம் இசையை எழுதி வைத்தனர். மாண்டவர் இசையையும் ஏட்டைப் பார்த்து மீண்டும் இசைத்தனர். நம் இசையோ குருவின் நாவிலிருந்து சீடனின் செவிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையிலேயே நடந்து கொண்டிருந்தது.

மேலைக் குறிமுறை யாது? குறுக்காக ஐந்து கோடுகள்; அவற்றினிடையே நான்கு இடைவெளிகள். கோட்டின் மேலோ இடைவெளியிலோ இடப்படும் புள்ளி ஒரு சுரம். புள்ளி மேலேற ஒலி உயரும். கீழிறங்க ஒலி தாழும். எந்தக் கோடு எந்தச் சுரம் என்பதைத் தொடக்கத்தில் நிற்கும் ‘கிளெஃப்’ என்னும் குறி உணர்த்தும். சுரத்தை அரைப்படி உயர்த்துவது ‘ஷார்ப்’, தாழ்த்துவது ‘ஃப்ளாட்’, அவ்விரண்டையும் நீக்கி இயல்புக்குக் கொணர்வது ‘நேச்சுரல்’. புள்ளியின் வடிவம் கால அளவைக் காட்டும். ‘செமிபிரீவ்’ என்பதிற் பாதி ‘மினிம்’. அதிற் பாதி ‘குரோச்செட்’. அதிலும் பாதி ‘குவேவர்’. முதற்காலம், இரண்டாங்காலம் என இரட்டித்துப் பாடும் நமக்கு இக்கணக்கு அயலானதன்று. தாளப் பகுதிகளைச் செங்குத்துக் கோடுகள் பிரிக்கும்.

ஆயின் இடர்ப்பாடும் இங்கேதான் தொடங்குகிறது. நம் சட்சம் பாடுவோரின் ஆதாரசுருதியைப் பொறுத்தது. மேலைக் கோட்டின் புள்ளியோ நிலைத்த ஒலியைக் குறிப்பது. சங்கராபரணம் மேலையோரின் ‘மேஜர்’ வரிசையோடு ஒத்துச் செல்லும். மாயாமாளவகௌளைக்கு ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் தாழ்த்த வேண்டும். மேலையோர் வழக்கமாகத் தொடக்கத்தில் இடும் ‘ஃப்ளாட்’ வரிசையில் இந்த இணை தனித்து வருவதில்லை. எல்லாவற்றிலும் பெரிய தடை கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைந்து அசைந்தே தன்னைக் காட்டுவது. அசைவதைப் புள்ளியில் எங்ஙனம் நிறுத்துவது?

முதலியார் தயங்கவில்லை. நம் ஊருக்கு வடகிழக்கே, பாலாற்றுக்கு அப்பால் உள்ள வாலாஜாபேட்டை அவர் தேடலில் முதன்மையிடம் பெற்றது. 1847இல் மறைந்த தியாகராசரின் சீடர் வேங்கடரமண பாகவதர் அங்கு வாழ்ந்தவர். ஆசிரியரின் பாடல்களை எழுதிக் காத்தவர். அவருடைய மைந்தர் கிருஷ்ணசாமி பாகவதரிடமிருந்து அப்பாடல்களைக் கேட்டு முதலியார் ஐந்து கோடுகளில் இறக்கினார். முத்துசாமி தீட்சிதரின் பாடல்களுக்கு எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரை நாடினார். மேலை மெட்டுகளுக்கே வடமொழியில் பாட்டியற்றியவர் முத்துசாமி தீட்சிதர். அவர் இளவல் பாலுசாமி தீட்சிதர் பிடிலை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடி. ஆகவே மேலைக்கும் கீழைக்கும் பாலம் அமைப்பது அக்குடும்பத்திற்குப் புதிதன்று.

இவ்வுழைப்பின் விளைவாக, ஐரோப்பியக் குறிமுறையில் கீழைநாட்டு இசையைத் தரும் அவரது ஆங்கில நூல் 1892-93இல் சென்னைப் புதுப்பேட்டையில் அச்சேறிற்று. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்ததும் 1892இல்தான். ஒருவர் ஏட்டிலிருந்த தமிழை அச்சிற்கு ஏற்றினார்; மற்றவர் ஏட்டிலும் முழுமையாய் இல்லாத இசையை அச்சிற்கு ஏற்றினார். முன்னவர்க்குப் படிப்போர் காத்திருந்தனர். பின்னவர்க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நம் வித்துவான்களில் ஐந்து கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. இன்றும் நம் இசை ச-ரி-க-ம எழுத்துகளிலேதான் எழுதப்படுகிறது.

பொருள் கரைந்தது, பார்வையும் மங்கிற்று. அந்நிலையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. 1899இல் எட்டயபுரம் அரசரின் முடிசூட்டு விழாவிற்குச் சென்றார். சுப்பராம தீட்சிதர் நெஞ்சில் உள்ள செல்வம் அவரோடு அழிந்துவிடலாகாது, அதை நூலாக்கச் செய்ய வேண்டும் என்று அரசரிடம் வேண்டினார். தமக்கென அவர் எதையும் கேட்டாரில்லை. தம் கையால் முடியாததைப் பிறர் கையாலாவது முடிக்க வேண்டும் என்பதே அவர் வேட்கை.

அவ்வேண்டுகோள் பலித்தது. தயங்கி நின்ற தீட்சிதர் இசைந்தார். 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கில் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் இடம்பெற்றன. கோடுகளுக்கு மாற்றாக நம் சுர எழுத்துகளே அதில் நின்றன. அவற்றின்மேல் கம்பிதம், நொக்கு, ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இடப்பட்டன. புள்ளிக்குள் அடங்க மறுத்த அசைவுக்கு ஒரு வழி பிறந்தது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி அந்நூலைத் தமிழெழுத்திலும் கொணர்ந்தது. அது அச்சாகி வந்த நாளில் முதலியார் இவ்வுலகில் இல்லை.

எழுத்தில் இட்டால் பாட்டின் உயிர் போய்விடும் என்பாரும் உளர். எழுத்து பாட்டாகாது என்பது மெய்யே. கவிதையும் அத்தகையதே, ஏட்டிலுள்ள வரி படிப்பவர் நாவில்தான் உயிர் பெறுகிறது. ஆயினும் ஏடு இல்லையேல் உயிர்ப்பிக்க எதுவும் எஞ்சாது. முதலியார் தேர்ந்த கோடுகள் நம் இசைக்கு முற்றும் பொருந்தவில்லை. எழுதியே தீர வேண்டும் என்ற அவர் உறுதியோ பொருந்திற்று. தீட்சிதர் கீர்த்தனை ஒன்றை இன்று ஒரு மாணவர் நூலைப் பார்த்துப் பாடும்போது, அந்நூல் பிறக்க வாதாடிய ஒருவரின் மங்கிய கண்களையும் நன்றியோடு நினைத்தல் தகும்.