புத்தகம் கட்டிய கை

டிரான்ஸ்பார்மர் பாடத்தில் ஃபாரடே விதி என்று போர்டில் எழுதிப் போடுகிறார்கள். நாமும் ரெண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் நம்மைப் போலவே ஒரு வீட்டிலிருந்து வந்த மனுஷர் இருந்திருக்கிறார்!

மைக்கேல் ஃபாரடே 1791-ல் லண்டனை ஒட்டிய ஊரில் பிறந்தார். அப்பா கொல்லர், அதுவும் நோயாளி. ஒரு சமயம் வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் பையனுக்குப் பங்கு. எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு... அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில் ரிபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டிங் செய்யப் பழகப் போனார். ஏழு வருஷம்! கட்ட வந்த புத்தகத்தையெல்லாம் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கையில் கிடைத்தது அப்படித்தான். மாலை நேரச் சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். கொடுத்தது பட்டறையில் உழைத்த அண்ணன். (அண்ணன் காசில் பீஸ் கட்டுகிறவர்கள் நம்ம வகுப்பிலேயே எத்தனை பேர்!)

1812-ல் ஹம்ப்ரி டேவியின் நாலு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, தன் கையாலேயே பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பி வேலை கேட்டார். முதலில் காலி இல்லை என்றுதான் பதில். அடுத்த வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு உதவியாளர் சண்டை போட்டு வெளியேற்றப்பட, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. கைத்தொழில் இருக்கும்போது குப்பி கழுவும் வேலைக்குப் போகலாமா? எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமாப்பா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வருகிறது. டேவியோடு ஐரோப்பா போனபோது டேவியின் மனைவி இவரை வேலைக்காரனாகவே நடத்தினார். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஓடவில்லை.

காதல் விஷயத்திலும் ஒரு வேடிக்கை. காதலே வேண்டாம் என்று நோட்டில் கவிதை எழுதி வைத்திருந்தவர் இவர்! அதைப் பார்த்த நண்பர் எட்வர்ட் பர்னார்ட் தன் தங்கை சாராவிடம் சொல்லிவிட்டார். அந்த சாராவிடமே மனசைப் பறிகொடுத்தார் நம்மவர். அவர் உடனே சம்மதிக்கவில்லை, கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். இவரும் பின்னாலேயே போனார். 1821 ஜூனில் கல்யாணம். குடித்தனம் அதே ஆய்வுக்கூடக் கட்டடத்தின் மாடியில். குழந்தை இல்லை. கடைசி வரை ஒருவருக்கொருவர் அப்படி ஒரு பாசம்.

கல்யாணமான செப்டம்பரிலேயே மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுழல வைத்தார். வொல்லாஸ்டனின் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. 1824-ல் ராயல் சொசைட்டியில் இவரைச் சேர்ப்பதை டேவியே எதிர்த்தார்! அப்போதும் இவர் வேலையை விடவில்லை. காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா என்று இடையிடையே முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார். 1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல இரும்பு வளையம். எனாமல் கம்பி கிடையாது, சுற்றுக்குச் சுற்று நூலும் துணியும் வைத்துக் கையால் சுற்றிய காயில் இரண்டு. ஒன்றை பாட்டரியில் இணைத்தபோது மற்றதன் பக்கம் முள் துள்ளிவிட்டு நின்றுவிட்டது. துண்டித்தபோது மறுபடி துள்ளியது. மின்னோட்டம் மாறும்போது மட்டுமே மற்றதில் மின்சாரம்! இன்றைக்கு நம்ம தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் ஓடுவது இதில்தான்.

1839 வாக்கில் உடம்பும் ஞாபக சக்தியும் கெட்டு, சில வருஷம் வேலையே முடங்கியது. மீண்டு வந்து, 1845-ல் காந்தம் ஒளியையும் திருப்புகிறது என்று கண்டார். சர் பட்டத்தை வேண்டாம் என்றார். 1862-ல் கடைசிப் பரிசோதனை: சுடரின் ஒளிக்கோடுகளைக் காந்தம் மாற்றுமா? ஒன்றும் தெரியவில்லை. 1867-ல் காலமானார். ஃபாரடே இப்படி முயன்றார் என்று படித்த ஹாலந்துக்காரர் பீட்டர் ஸீமன், நல்ல கருவியோடு 1896-ல் அதையே திரும்பச் செய்தார். கோடுகள் அகன்றன. 1902-ல் ஸீமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.