சமாளிக்க மறுத்த பெண்: வாகனங்களுக்கு வைப்பர் தந்த மேரி அன்டர்சன்

ஐப்பசி பிறந்துவிட்டால் வடக்கிலும் கிழக்கிலும் வாகனம் ஓட்டுபவர்களுக்கு வீதியைவிட முன்கண்ணாடியே பெரிய கவலை. வைப்பர் ஒழுங்காக வேலை செய்தால் மழை வெறும் மழைதான். வேலை செய்யாவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா, படுத்திருப்பது மாடா என்று தெரியாது. இந்தச் சிறிய கருவியை 120 வருடங்களுக்கு முன்னர் வரைந்து பதிவுசெய்தவர் ஒரு பெண். அவர் பொறியியலாளர் அல்லர். வாகனத் தொழிலில் இருந்தவரும் அல்லர். பெயர் மேரி அன்டர்சன். அவருடைய வாழ்க்கையில் எங்களுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது என்று நினைப்பதால் இந்த மாரியில் அதை எழுதுகிறேன்.

மேரி 1866 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் திகதி அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில், கிரீன் என்ற பகுதியிலிருந்த ஒரு பெருந்தோட்டத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்கூட நிறைவடையாத காலம் அது. போரில் தோற்ற தரப்பின் மண் அது. அதற்காக அந்தத் தோல்வியை எங்கள் இழப்போடு நான் ஒப்பிட வரவில்லை. தெற்கின் பெருந்தோட்டங்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பில் எழுந்தவை. போர் முடிந்ததால் அந்த மக்களுக்கு விடுதலை கிடைத்தது. மேரி பிறந்தது அவர்களின் குடிசைகளில் அல்ல, தோட்டக்காரரின் வீட்டில். இதைச் சொல்லாமல் அவருடைய கதையைச் சொல்வது சரியாகாது.

ஆனாலும் ஒரு விடயம் எங்கள் ஊர்களில் பலருக்கும் பழக்கமானது. 1870 இல், மேரிக்கு நான்கு வயதாக இருக்கும்போது தகப்பன் இறந்துபோனார். அதன் பின்னர் அந்தக் குடும்பம் தாய் ரெபெக்காவும் மேரியும் சகோதரி ஃபனியும் சேர்ந்த பெண்களின் குடும்பமாகவே நடந்தது. 1889 இல் அவர்கள் தோட்டத்தை விட்டு, இரும்புத் தொழிலால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பேர்மிங்ஹாம் நகரத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். இது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் அல்ல, அலபாமாவில் 1871 இல் உருவான புதிய நகரம். அங்கே ஃபெயார்மொன்ட் என்ற பெயரில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1893 இல் மேரி நாட்டின் மறுகரையிலுள்ள கலிபோர்னியாவுக்குப் போய், ஃபிரெஸ்னோ என்ற இடத்தில் மாட்டுப்பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். நோயுற்ற பெரியவர் ஒருவரைப் பராமரிக்க 1898 இல் பேர்மிங்ஹாமுக்குத் திரும்பினார். அவர் திருமணம் செய்யவில்லை. கட்டடம், மாடு, திராட்சை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து நடத்தப் பழகிய பெண் அவர் என்பதை மனதில் வைத்தால், அடுத்து நடந்தது விளங்கும்.

1903 ஆம் ஆண்டை ஒட்டிய குளிர்காலத்தில் மேரி நியூயோர்க்குக்குப் போயிருந்தார். பனியும் மழையும் கலந்து கொட்டிய ஒரு நாளில் ட்ராம் வண்டியில் பயணம் செய்தார். முன்கண்ணாடியில் ஈரப்பனி ஒட்டி மூடிக்கொண்டதால் சாரதிக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் காலத்து ட்ராம்களின் முன்கண்ணாடி இரண்டு பகுதிகளாகத் திறக்கக்கூடியது. சாரதி அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பனிக்காற்று முகத்தில் அடிக்க அடிக்க வண்டியை ஓட்டினார். இல்லாவிட்டால் வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்க் கையால் துடைக்க வேண்டும். முன்னால் இருந்த பயணிகளும் சேர்ந்து குளிரில் விறைத்தார்கள்.

அந்த நகரத்தில் தினமும் எத்தனையோ பேர் இதைப் பார்த்திருப்பார்கள். குளிர்காலம் என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள். சாரதிகளும் தங்கள் தொழிலின் ஒரு பகுதியாகவே அதை ஏற்றுக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த மேரிக்கு அது பழகவில்லை. சாரதி உள்ளே இருந்தபடியே கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைக்க ஏன் ஒரு வழி இல்லை என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு வரைபடக்காரரைப் பிடித்து வரையச் செய்தார். உள்ளூர் நிறுவனம் ஒன்றில் மாதிரி செய்வித்தார். சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கைபிடி. அதைத் திருப்பினால் வெளியே, இறப்பர் பொருத்திய ஒரு கை கண்ணாடியின் மேல் அசைந்து துடைக்கும். கண்ணாடியோடு ஒட்டி அழுத்திக்கொண்டிருக்க ஒரு சுருள்வில்லும் எடையும். குளிர்காலம் முடிந்ததும் முழுவதையும் கழற்றி வைக்கலாம். கையால் ஆட்டும் வைப்பர் பூட்டிய பழைய முச்சக்கரவண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. 1903 ஜூன் மாதம் விண்ணப்பித்தார். அதே வருடம் நவம்பர் 10 ஆம் திகதி 743801 என்ற இலக்கத்தில் அவருக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. அதே காலத்தில் வேறு சிலரும் கண்ணாடி துடைக்கும் கருவிகளுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஆனால் சரியாக வேலை செய்த முதல் வைப்பர் என்று இன்று சொல்லப்படுவது மேரியுடையதைத்தான்.

ஆக்கவுரிமை கிடைத்தது, வாங்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை. 1905 இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரிலிருந்த டின்னிங் அன்ட் எக்கன்ஸ்டைன் என்ற நிறுவனத்துக்கு அதை விற்க முயன்றார். விற்பனைக்குக் கொண்டுவரும் அளவுக்கு அதற்கு வணிகப் பெறுமதி இல்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அப்போது வீதிகளில் கார்கள் மிகக் குறைவு. சாதாரண மக்களுக்கான ஃபோர்ட் கொம்பனியின் மொடல் ரி கார் 1908 இல்தான் வெளிவந்தது. மேரியின் ஆக்கவுரிமைக்கு ஆயுள் 17 வருடம். 1920 இல் அது காலாவதியானது. இரண்டே வருடம் கழித்து, 1922 இல், கடிலாக் கொம்பனி தன் கார்களில் வைப்பரைக் கட்டாயப் பொருத்தமாகச் சேர்த்தது. பின்னர் மற்றக் கொம்பனிகளும் சேர்த்தன. மேரிக்கு அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின்னர் வந்த இன்னொருவரின் கதை வேறுவிதமானது. தூறலுக்கு ஏற்றபடி விட்டுவிட்டு அசையும் வைப்பரை 1960 களில் உருவாக்கியவர் ரொபர்ட் கேர்ன்ஸ். தன் கண்டுபிடிப்பைக் கார்க் கொம்பனிகள் எடுத்துக்கொண்டன என்று பல வருடங்கள் வழக்காடி, ஃபோர்ட் கொம்பனியிடமிருந்து ஒரு கோடி டொலருக்கு மேலும், கிறைஸ்லர் கொம்பனியிடமிருந்து அதைவிடக் கூடுதலாகவும் பெற்றார். ஆனால் அந்தப் போராட்டத்தில் அவருடைய குடும்ப வாழ்க்கை சிதைந்துபோனது. மேரிக்கு வழக்குப் போடவே வழியிருக்கவில்லை. உலகத்துக்குத் தேவைப்பட்டபோது அவருடைய உரிமை முடிந்துபோயிருந்தது.

அவர் ஃபெயார்மொன்ட் கட்டடத்தைக் கடைசிவரை நிர்வகித்தார். 1953 ஜூன் 27 ஆம் திகதி டெனசி மாநிலத்தில் மொன்ட்டீகிள் என்ற இடத்திலிருந்த கோடைகால வீட்டில், 87 ஆவது வயதில் இறந்தார். பேர்மிங்ஹாமில் அடக்கம் செய்தார்கள். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது 2011 இல், இறந்து 58 வருடங்களுக்குப் பிறகு.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் உதிரிப்பாகம் எடுப்பது எவ்வளவு கடினம் என்று வாகனம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். தேய்ந்த வைப்பருக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டினார்கள். தண்ணீர் வழிந்தோடக் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்தார்கள். அது இல்லாமையிலிருந்து பிறந்த கெட்டித்தனம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயிர் பிழைக்க அதுதான் தேவைப்பட்டது.

ஆனால் தடை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. வைப்பர் இறப்பர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடையில் தொங்குகிறது. இருந்தும், மழை இரவில் ஏ-9 வீதியில் நான் ஏறும் வான்களில், சாரதி ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி மறு கையை வெளியே நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைப்பதை இன்றும் காண்கிறேன். கேட்டால், சமாளிக்கலாம் என்பதே பதில். உள்ளே இருக்கும் நாங்களும் பேசாமல் இருக்கிறோம். நியூயோர்க் ட்ராமில் இருந்த பயணிகளும் அப்படித்தான் இருந்தார்கள். தேவை முடிந்த பிறகும் சமாளிப்புப் பழக்கம் எங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேரி செய்த பெரிய வேலை, சமாளிக்கக்கூடிய ஒன்றைச் சமாளிக்க மறுத்ததுதான்.

அவர் வரைந்த கை, சுருள்வில், இறப்பர் மூன்றும் இன்றைய வைப்பரிலும் இருக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியதும் அந்த மூன்றைத்தான்.

முதலில் இறப்பர். மழையைவிட வெயில்தான் அதற்கு எதிரி. எங்கள் வெயிலில் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அது காய்ந்து வெடிக்கும். ஆவணி, புரட்டாதியில் மாற்றிவிட்டால் மாரி முழுவதற்கும் கவலையில்லை. கண்ணாடியில் மெல்லிய கோடுகள் விழுந்தால் இறப்பரின் விளிம்பில் அழுக்கு, அல்லது வெட்டு. ஈரத்துணியில் சிறிது சவர்க்காரம் தொட்டு விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். கோடு போகாவிட்டால் மாற்றுங்கள். பெற்றோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தால் இறப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்தது சுருள்வில்லும் கையும். ஒரு பகுதி மட்டும் துடைபடாமல் விட்டுப்போனால், புதிய இறப்பர் போட்டாலும் அது தீராது. கை வளைந்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம். வைப்பர் துள்ளித் துள்ளி ஓடினால் முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள். எண்ணெய்ப் படலமும் மெழுகும் அப்படித் துள்ள வைக்கும். புகையிலை உட்பட எந்தப் படலமானாலும், இரவில் எதிரே வரும் வெளிச்சத்தில் கண்ணாடி மங்கித் தெரியும்.

வாங்கும்போது பழையதன் நீளத்தை அங்குலத்தில் அளந்துகொண்டு போங்கள். பல வாகனங்களில் சாரதியின் பக்கம் நீளம் கூடியது, மற்றப் பக்கம் குறைந்தது. நீளம் கூடினால் ஒன்றோடொன்று முட்டும், குறைந்தால் பார்க்க வேண்டிய இடம் துடைபடாது. கை பொருந்தும் கொக்கியின் வடிவத்தையும் பாருங்கள். பல ஜப்பான் வாகனங்களில் சட்டம் நல்ல நிலையில் இருந்தால் இறப்பரை மட்டும் மாற்றலாம், செலவும் குறையும். கழற்றும்போது கண்ணாடியில் மடித்த துணியொன்றைப் போடுங்கள். வெறும் கை சுருள்வில் இழுப்பில் விழுந்தால் கண்ணாடி வெடித்துவிடும்.

வன்னியின் செம்புழுதி படிந்த கண்ணாடியில் வைப்பரை உலர ஓட்டாதீர்கள். மண் இறப்பரையும் அறுக்கும், கண்ணாடியையும் கீறும். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள். அந்தத் தண்ணீர்த் தொட்டியில் சலவைத்தூள் போட்டால் குழாய் அடைபடும். கண்ணாடி உள்பக்கம் புகார் பிடித்தால் வைப்பரைக் கூட்டிப் பயனில்லை. வாகனத்தின் காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்ப வேண்டும்.

இவையெல்லாம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலைகள். எத்தனையோ பேரை இழந்த குடும்பங்களிலிருந்துதான் மாணவர்களும் ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் இந்த வான்களிலும் பஸ்களிலும் ஏறுகிறார்கள். மழையில் வண்டியில் ஏறும்போது கண்ணாடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், வைப்பரை மாற்றச் சொல்லிச் சாரதியிடம் கேளுங்கள். மேரி அன்டர்சனும் அந்த ட்ராமில் ஒரு பயணிதான்.